மூலமும் நிழலும்

எங்கள் ரெஸ்ரோரண்ட் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. கோப்பை கழுவும் மெசினுக்கும் எனக்கும் கிழமையில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. ஆனால் சில வருடங்களாக அந்த நாளிலும் நான் சும்மா இருப்பதில்லை. இங்கு எம்மவர்களின் கலியாணங்களையும் சாமத்தியவீடுகளையும் வீடியோ எடுக்கும் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவர் எடுத்து வருவதை வெட்டி ஒட்டிக் கொடுப்பதற்குப் போய்வருகிறேன். படிக்கிற காலத்தில் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவிட்டு வந்தவனுக்கு மூளைக்கு வேலை கொடுக்க ஏதாவது வேண்டியிருக்கிறது.

முதல் நாள் நடந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டு கமெராக்களில் எட்டு மணித்தியாலம் எடுத்த கலியாணவீடு. என்னுடைய பழைய மடிக்கணனியில் அது ஓடவே மறுத்தது. தாலிகட்டு வரும்போது படம் நின்றுவிடும். மேளம் மட்டும் அடிக்கும். அண்ணை சிரித்தார். "என்னடா தம்பி, மூலத்தோடை மல்லுக்கட்டுறாய்? எல்லாத்துக்கும் சின்னக் கொப்பி போட்டுக் குடுக்கிறன். நிழலிலை வெட்டு, உடம்பிலை தானாய் விழும்" என்றார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. அன்றிரவு கணனி முழுப் படத்திற்கும் மங்கலான, எடை குறைந்த பிரதியொன்றைச் செய்து வைத்தது. அடுத்த நாள் அந்த மங்கலிலேயே எங்கு வெட்டுவது, எதை எதனுடன் ஒட்டுவது என்று எல்லாம் செய்தேன். கடைசியில் ஒரு பொத்தானை அழுத்த, மங்கல் போய் மூலப் படம் அதே இடங்களில் அதே வெட்டுகளுடன் வந்து நின்றது.

இது எப்படி வந்தது, யார் இதைக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்கொரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

மூலத்தைத் தொடாமல் பிரதியில் வேலை செய்வது கணனி கொண்டுவந்த பழக்கம் அல்ல. சினிமாக்காரருக்கு அது பழைய விடயம். கோடம்பாக்கத்தில் படச்சுருள் காலத்தில் எடிட்டரின் மேசைக்கு நெகட்டிவ் வருவதில்லை. நெகட்டிவில் ஒரு கீறல் விழுந்தால் அது என்றென்றைக்கும் கீறல்தான். ஆகவே அதிலிருந்து ரஷ் பிரிண்ட் என்று ஒரு பிரதி எடுப்பார்கள். எடிட்டர் அதைத்தான் வெட்டுவார், ஒட்டுவார், பிடிக்காவிட்டால் பிரித்து மீண்டும் ஒட்டுவார். எல்லாம் முடிந்தபின் நெகட்டிவ் வெட்டுபவர், படச்சுருளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் இலக்கங்களைப் பார்த்து, அதே இடங்களில் மூலத்தை வெட்டுவார்.

ஓரத்து இலக்கம் என்ற இந்தச் சின்ன விடயத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். பிரதி எவ்வளவு அழுக்காகவும் இருக்கலாம், கிழிந்தும் இருக்கலாம். அது எந்த மூலத்தின் எந்த இடத்திற்குரியது என்று சொல்லும் இலக்கம் இருக்கும்வரை ஒன்றும் கெட்டுப்போவதில்லை. இலக்கம் அறுந்தால் பிரதி அநாதை.

*

தொலைக்காட்சியின் கதை வேறு. அதற்குத் தொடக்கத்தில் மூலமே இருக்கவில்லை. நடப்பதை நடக்கும்போதே காட்டுவதுதான் தொலைக்காட்சி. சுவிசில் 1953 ஜூலை 20 அன்று சூரிச்சில் பரீட்சார்த்த ஒளிபரப்பு தொடங்கியது. 1958 ஜனவரி 1 இல் அது நிரந்தர சேவையாயிற்று. இடைப்பட்ட அந்த வருடங்களில் காட்டியவற்றைப் பாதுகாக்கவேண்டுமானால், திரையில் ஓடும் படத்தைப் படச்சுருள் கமெராவால் திரும்பப் படம் பிடிப்பதுதான் வழி. அதுவும் எல்லாவற்றிற்கும் செய்யவில்லை.

இதற்கு இந்த நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. இன்று உலகமே பார்க்கும் யூரோவிஷன் பாட்டுப்போட்டி முதன்முதலில் நடந்தது லுகானோவில், 1956 மே 24 அன்று. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு. வென்றவர் சுவிஸ் பாடகி லிஸ் அஸியா. அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவில் பெரும்பகுதி இருக்கிறது. ஆனால் படமாக எஞ்சியிருப்பது, வென்ற பாட்டை அவர் இரண்டாந்தரம் பாடிய அந்தச் சில நிமிடங்கள்தான். மற்றவர்கள் எப்படி நின்றார்கள், எப்படிப் பாடினார்கள் என்று இன்று எவரும் முழுமையாகப் பார்க்கமுடியாது. செல்வம் மிகுந்த, போர் மிதிக்காத, கடதாசித் துண்டையும் கோவைப்படுத்தி வைக்கும் ஒரு நாட்டில் நடந்த இழப்பு இது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. லுகானோப் போட்டிக்கு ஒரு மாதத்திற்கு சற்று முன்னர்தான், 1956 ஏப்ரலில், சிக்காகோ நகரில் அம்பெக்ஸ் என்ற நிறுவனம் தொலைக்காட்சிப் படத்தைக் காந்த நாடாவில் பதியும் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. நாடாவின் அகலம் இரண்டு அங்குலம். இயந்திரத்தின் விலை ஏறக்குறைய 50,000 டொலர். நாடாவும் விலைகூடியது. அதனால் பல நாடுகளின் நிலையங்கள் பதிந்ததை ஒளிபரப்பிவிட்டு, அழித்து, அதே நாடாவில் அடுத்ததைப் பதிந்தன. மூலம் வந்துவிட்டது, ஆனால் அதைக் காப்பாற்றும் மனம் வரவில்லை.

*

நாடாவில் இன்னொரு சிக்கல். படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரியும். நாடாவில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆரம்பத்தில் நாடாவின்மேல் இரும்புத் தூள் கலந்த திரவம் பூசி, காந்தக் கோடுகளை உருப்பெருக்கியில் பார்த்து, பிளேட்டால் வெட்டினார்கள். பிறகு, வெட்டாமல் ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதிபண்ணித் தொகுக்கும் முறை வந்தது. ஆனால் எந்த இடம் என்று துல்லியமாகச் சொல்ல, படச்சுருளின் ஓரத்து இலக்கம்போல ஒன்று வேண்டியிருந்தது.

அதற்குக் கிடைத்த விடைதான் நேரக்குறி. மணி, நிமிடம், செக்கன், படம் என்று ஒவ்வொரு படத்திற்கும் எட்டு இலக்க முகவரி. ஐரோப்பாவில் ஒரு செக்கனுக்கு 25 படங்கள். 1960களின் பிற்பகுதியில் வெவ்வேறு கொம்பனிகள் வெவ்வேறு விதமாகச் செய்துகொண்டிருந்ததை, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கமும் ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பொது நியமமாக்கின. எந்த நாட்டில், எந்த இயந்திரத்தில் போட்டாலும் அதே இலக்கம் அதே படத்தைக் காட்டும் என்ற நிலை வந்தது.

பிரிந்து கிடப்பவற்றைக் கட்டிவைக்கும் இந்த வித்தையில் சுவிசுக்கும் பங்குண்டு. 1929 இல் வார்சோவில் பிறந்த ஸ்ரெபான் குடெல்ஸ்கி, யுத்தத்தால் குடும்பத்தோடு நாட்டைவிட்டு ஓடி, 1943 இல் சுவிசுக்கு வந்தவர். லவுசானில் மாணவனாக இருக்கும்போதே, 1951 இல், நக்ரா என்ற கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தார். போலந்து மொழியில் அந்தச் சொல்லுக்கு 'பதிந்துவிடும்' என்று பொருள். ஒலிக்குப் பக்கத்திலேயே ஒரு துடிப்பையும் பதிந்து, தனியாக ஓடும் கமெராவின் படத்தோடு ஒலி விலகாமல் பிடித்துவைக்கும் வசதி அவரது கருவிகளில் வந்தது. உலகத்துச் சினிமாக்காரர் பல பத்தாண்டுகள் அந்தப் பெட்டியைத்தான் தோளில் மாட்டித் திரிந்தார்கள். ஓர் அகதி செய்த பெட்டி அது என்று எத்தனைபேருக்குத் தெரியுமோ தெரியாது. குடெல்ஸ்கி 2013 ஜனவரியில் காலமானார்.

நேரக்குறி வந்ததும் மங்கலான பிரதிக்கு மதிப்பு வந்தது. 1971 இல் சிபிஎஸ் தொலைக்காட்சியும் மெமொறெக்ஸ் கொம்பனியும் சேர்ந்து சிஎம்எக்ஸ் 600 என்ற தொகுப்பு இயந்திரத்தை வெளியிட்டன. உடுப்புத் தோய்க்கும் மெசின் அளவிலான கணனித் தட்டுப் பெட்டிகள். அவற்றில் ஏறக்குறைய அரை மணித்தியாலப் படம்தான் கொள்ளும். அதுவும் கறுப்பு வெள்ளையில், தரம் குறைந்து. தொகுப்பாளர் ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு வெட்டுவார். வெளியே வருவது படம் அல்ல, ஓர் இலக்கப் பட்டியல். அந்தப் பட்டியலை இன்னொரு இயந்திரத்திற்குக் கொடுத்தால், அது மூல நாடாக்களை ஓட்டி இறுதிப் படத்தைத் தொகுக்கும். இயந்திரம் மிகச் சிலவே விற்பனையாயின. ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமை செய்வது இதைத்தான்: நிழலில் முடிவெடு, பட்டியல் எழுது, மூலத்தில் நிறைவேற்று.

அவ்வளவு வசதி இல்லாத நிலையங்கள் மலிவான வழியைப் பிடித்தன. மூலத்தை யூமற்றிக் கசற்றிலோ விஎச்எஸ் கசற்றிலோ பிரதிபண்ணி, நேரக்குறியைப் படத்தின்மேலேயே வெள்ளை இலக்கமாகப் பொறித்துவிடுவார்கள். செய்தியாளர் அதை வீட்டிற்குக் கொண்டுபோய்ப் பார்த்து, வேண்டிய இடங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார். மணிக்கணக்கில் வாடகை கட்டவேண்டிய பெரிய தொகுப்பு அறைக்குள் நுழையும்போது முடிவுகள் எல்லாம் எடுத்தாகியிருக்கும்.

*

1989 இல் அவிட் என்ற தொகுப்புக் கணனி வந்தது. அதன் தொடக்ககாலப் படங்கள் பார்க்கச் சகிக்காதவை என்று அதில் வேலை செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். சேமிப்புத் தட்டின் விலை அப்படி. தமிழில் 1994 இல் வந்த மகாநதி, அவிட் கொண்டு தொகுக்கப்பட்ட ஆரம்பகாலப் படங்களில் ஒன்று.

1990களில் எம்பெக் 1 என்ற சுருக்கும் முறை நியமமானது. இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். ஐரோப்பியத் தொலைக்காட்சியின் எண்முறைப் படம் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 புள்ளி. சுருக்காமல் அனுப்பினால் செக்கனுக்கு 270 மெகாபிட். ஒரு மணித்தியாலத்திற்கு ஏறக்குறைய 120 ஜிகாபைட். எம்பெக் 1 இல் 352க்கு 288 புள்ளி, செக்கனுக்கு 1.5 மெகாபிட். ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 675 மெகாபைட், அதாவது ஒரு சீடி. நூற்றியெண்பதில் ஒரு பங்கு!

இந்தக் கணக்குத்தான் செய்தி அறைகளை மாற்றியது. முன்பு ஒரு நாடா ஒருவர் கையில் இருந்தால் மற்றவர் காத்திருக்கவேண்டும். இப்போது வெளியிலிருந்து படம் வந்துகொண்டிருக்கும்போதே சேவையகம் முழுத்தரப் பதிவொன்றையும் மங்கல் பிரதியொன்றையும் ஒரே நேரக்குறியுடன் செய்கிறது. மங்கல் பிரதி சாதாரணக் கணனி வலையமைப்பில் எல்லா மேசைக்கும் போகும். பத்துப்பேர் ஒரே நேரத்தில் தேடலாம், குறிக்கலாம், வெட்டலாம். கடைசியில் பட்டியல் மட்டும் திரும்பிப் போகும். மூலம் நாடாக் களஞ்சியத்திற்குள் இருந்தால், இயந்திரக் கை அந்த நாடாவை எடுத்து, தேவையான செக்கன்களை மட்டும் மீட்டுக் கொடுக்கும். 2003 இல் சோனி வெளியிட்ட எக்ஸ்டிகாம் கமெராக்கள் படம் எடுக்கும்போதே அதே தட்டில் மங்கல் பிரதியையும் சேர்த்து எழுதின.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒருமுறை நான் வெட்டிய ஒரு கலியாணவீட்டில், மங்கல் பிரதியில் பொம்பிளையின் முகம் நன்றாக இருப்பதாகத்தான் தெரிந்தது. மூலத்தைப் போட்டபோதுதான் கமெரா கூர்மைபிடித்திருந்தது பின்னால் கட்டியிருந்த வாழைக்குலையை என்று கண்டேன். வாழைக்குலை பளிச்சென்று, பொம்பிளை புகைபோல. நிழலில் எல்லாமே ஒரேயளவு மங்கல் என்பதால், எது தெளிவு எது மங்கல் என்பதை நிழல் சொல்லாது.

*

லுகானோவில் இழந்த நாடு பிறகு பாடம் படித்திருக்கிறது. 1940 ஆகஸ்ட் முதல் 1975 வரை சுவிஸ் சினிமாத் திரையரங்குகளில் வாராந்தம் காட்டப்பட்ட செய்திப்படங்களை எவரும் இன்று வீட்டிலிருந்து பார்க்கலாம். நாங்கள் பார்ப்பது பார்வைப் பிரதி. படச்சுருள் வேறிடத்தில் குளிரறையில் இருக்கிறது. ஒலி, ஒளி ஆவணங்களைக் காப்பதற்காக மெமோரியாவ் என்ற அமைப்பு 1995 இல் தொடங்கப்பட்டது, பேர்ணில் இயங்குகிறது.

மொன்றேயில் 1967 இல் ஜாஸ் விழாவைத் தொடங்கிய குளோட் நொப்ஸ் சமையல் படித்த மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி விருப்பம். அவர் விழாக் கச்சேரிகளைத் தொடர்ந்து பதிந்து வைத்தார். அப்போதைக்குக் கிடைத்த ஆகச் சிறந்த தரத்தில் பதியவேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1991 இலேயே உயர்தெளிவுப் படத்திற்கு மாறியவர். 5,000 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட அந்தச் சேகரிப்பை லவுசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எண்முறைக்கு மாற்றியது. 2013 இல், அவர் மறைந்த அதே வருடம், யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அங்கும் கேட்பவர் கைக்கு வருவது சிறிய பிரதி. மூலம் பத்திரமாக இருப்பதால் சிறிய பிரதியைத் தாராளமாகக் கொடுக்க முடிகிறது.

*

மூலம் பத்திரமாக இல்லாதவர்களின் கதையும் சுவிசில்தான், ஜெனீவாவில், பேசப்பட்டது.

2009 ஆகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒரு காட்சியை ஒளிபரப்பியது. கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட, இலங்கையில் கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காட்சி. இலங்கை அரசாங்கம் அது போலி என்றது. ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார்: ஒருவர் பிரேத பரிசோதனையில், ஒருவர் துப்பாக்கிகளில், ஒருவர் வீடியோ ஆய்வில். 2010 ஜனவரியில் வெளியான அவரது முடிவு, அது உண்மையானது என்பதற்கு வலுவான சான்று உண்டு என்பது. ஒருசில விடயங்களை நிபுணர்களால் விளக்கமுடியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 2011 ஜூனில் அக்காட்சிகளும் அடங்கிய ஆவணப்படம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைச் சபை கூடியிருந்த நாட்களில் திரையிடப்பட்டது.

அந்த அறிக்கையைப் படித்தபோது ஒரு விடயம் என்னைப் பிடித்தது. வீடியோ நிபுணர் தேடியது தெளிவை அல்ல. படங்களின் தொடர்ச்சி எங்காவது அறுகிறதா, மேலே வேறு படம் ஒட்டப்பட்டிருக்கிறதா, கோப்புக்குள் என்ன திகதி பதிந்திருக்கிறது என்பதையே அவர் தேடினார். மங்கல் என்பதால் ஒரு படம் பொய்யாகிவிடுவதில்லை. எங்கிருந்து வந்தது, எத்தனை கை மாறியது என்று சொல்ல முடியாதபோதுதான் அது பலவீனமாகிறது.

*

இனி என் சொந்தக் காரணம்.

2003 இல், சமாதான காலத்தில், வன்னியில் அக்காவின் சாமத்தியவீடு நடந்தது. சுவிசில் இருந்த மாமா பார்க்கவேண்டும் என்பதற்காக வீடியோ எடுத்தோம். ஒரு கசற் எங்களிடம், அதிலிருந்து பிரதிபண்ணிய ஒன்று மாமாவிற்கு. எங்களுடையது 2009 இல் வீட்டோடு போயிற்று. அப்பாவும் அந்த வருடம்தான் இல்லாமல் போனார்.

நான் இங்கு வந்து பல வருடம் கழித்து, மாமாவிடம் அந்தக் கசற்றைப் பற்றிக் கேட்டேன். அவர் பெருமையோடு சொன்னார்: "அதெல்லாம் எப்பவோ கடையிலை குடுத்துக் கணனிக்கு மாத்திப்போட்டன். கசற்றெல்லாம் வீடு மாறேக்கை எறிஞ்சாச்சு. இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தது." கோப்பை என் தொலைபேசிக்கு அனுப்பினார். 352க்கு 288. தொலைபேசிக்கு அனுப்பும்போது அது இன்னும் ஒருமுறை சுருங்கியிருந்தது.

அதில் அப்பா ஒரே ஒரு இடத்தில் வருகிறார். பந்தியில் குனிந்து சோறு பரிமாறிக்கொண்டு வருகிறார். கமெராவைக் கண்டதும் நிமிர்ந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். பிறகு யாரோ ஒருவருடைய தோள் மறைத்துவிடுகிறது. முகம் இருபது புள்ளி அகலம்கூட இல்லை. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிகிறது. தெரியாத ஒருவருக்குக் காட்டினால், அது ஒரு வெளிர் வட்டம். அண்ணை அதைத் தன் கணனியில் போட்டு என்னென்னவோ செய்து பார்த்தார். "தம்பி, பதியாத புள்ளியை நான் எங்கையிருந்து எடுக்கிறது?" என்றார். இப்போது வரும் சில மென்பொருள்கள் முகத்தைத் தெளிவாக்கித் தரும் என்கிறார்கள். அவை தருவது அப்பாவின் முகம் அல்ல, அப்படியொருவருக்கு இருந்திருக்கக்கூடிய ஒரு முகம். எனக்கு அது வேண்டாம்.

மாமாவில் பிழை சொல்ல மாட்டேன். தொலைக்காட்சி நிலையங்களே நாடாவை அழித்த உலகம் இது. அவர் செய்ததும் அதுதான்: பார்க்க முடிகிறதுதானே, இனி மூலம் எதற்கு? ஆனால் நிலையத்தில் நிழல் மங்கலாக இருப்பது உடம்பு வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற துணிவில். நாங்கள் உடம்பை எறிந்துவிட்டு நிழலை வைத்திருக்கிறோம்.

சுவிசிலும் வெளியிலும் எத்தனையோ வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் இன்னும் கசற்றுகள் கிடக்கின்றன. ஊரிலிருந்து வந்த கலியாணவீடுகள், செத்தவீடுகள், கோயில் திருவிழாக்கள். ஊரில் இருந்த மூலப் பிரதிகள் பலவும் இல்லாமற் போய்விட்ட நிலையில், பிரதியின் பிரதியாக வந்தவைதான் இன்று மூலங்கள். விஎச்எஸ் இயந்திரங்களைக் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கொம்பனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நாடாவும் வருடாவருடம் தேய்கிறது. எனவே வாசகர்களிடம் கேட்பது இதுதான். மாற்றக் கொடுக்கும்போது ஆகக்கூடிய தரத்தில் மாற்றித் தரச்சொல்லுங்கள். அந்தப் பெரிய கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். தொலைபேசியில் அனுப்புவதற்குச் சின்னப் பிரதி வேறாகச் செய்யுங்கள். கசற்றை எறியாதீர்கள். எந்த ஊர், எந்த வருடம், யார் யார் என்று வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அதுதான் எங்களுடைய ஓரத்து இலக்கம்.

நானும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இடம், வருடம், பந்தியில் இருப்பவர்களில் அடையாளம் தெரிந்தவர்களின் பெயர்கள். அதற்குக் கீழே: அப்பா, 00:47:12:08 முதல் 00:47:23:10 வரை. பதினொரு செக்கனும் இரண்டு படமும். என்றாவது ஒருநாள் அந்தச் சாமத்தியவீட்டின் வேறொரு கசற் எவர் வீட்டிலாவது கிடைத்தால், எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியும்.